கூழ்ப்பானையிலிருந்து ஒரு ரொட்டி

வடலூர் நான்குமுனைச் சந்திப்புக்குப் போய்வரும்போதெல்லாம் எங்கள் வண்டியில் ஒரு பண்டமாற்று நடக்கும். போகும்போது கேழ்வரகு மூட்டை. திரும்பும்போது பிரட் பாக்கெட், பன், பிஸ்கெட். ரசாயன உரம் ஒரு பிடி போடுவதில்லை, பூச்சிமருந்து வாசனையே கொல்லைப்பக்கம் வராது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வீடு எங்களுடையது. அந்த வீட்டில் காலையில் பிள்ளைகள் டீயில் நனைத்துத் தின்பது மைதா பன். இதைப் பல வருஷம் நானும் கவனிக்கவில்லை.

கவனிக்க வைத்தது மகளின் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. மாத்திரை கொடுத்த செவிலியர் அம்மா, "கொல்லையில என்ன போடுறீங்க?" என்று கேட்டார். "கேழ்வரகு, கம்பு, மல்லாட்டை" என்றேன். "சரி, பொண்ணு என்ன சாப்பிடுது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாளே பன்னை நிறுத்தினேன். கேழ்வரகு மாவைப் பிசைந்து சுடச்சுட அடை தட்டினேன். கோதுமையை அரைத்து, சலிக்காமல், கடையில் வாங்கிய ஈஸ்ட் போட்டு ரொட்டியும் சுட்டுப் பார்த்தேன். அடையைத் தின்றுவிட்டு மகள் வயிறு உப்புசம் என்றாள். ரொட்டி செங்கல்லாக வந்தது. மாட்டுத் தொட்டியில் போட்டேன், மாடு மோந்து பார்த்துவிட்டு வைக்கோலுக்குத் திரும்பிவிட்டது. என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "என்னா அவசரம் உனக்கு? புளிக்காத மாவு வயித்துல கல்லாட்டம்தான் கெடக்கும்" என்றார்.

இந்தப் பாடம் அந்த ஒரு வார்த்தையிலிருந்து தொடங்குகிறது. வெளிநாட்டில் 'சவர்டோ' என்று சொல்லி, ஆரோவில், புதுச்சேரிப் பக்கம் நல்ல விலைக்கு விற்கிற புளித்த மாவு ரொட்டிக்கும் அத்தையின் கூழ்ப்பானைக்கும் அடிப்படை வேலை ஒன்றுதான். தெரியாமல் நான் பன்னை மட்டும் மாற்றினேன், புளிப்பை விட்டுவிட்டேன்.

புளிப்பு என்ன வேலை செய்கிறது

முழுத் தானியத்தின் தவிட்டில்தான் இரும்பு, துத்தநாகம் போன்ற சத்துகள் அதிகம். விதை முளைக்கும்போது தேவைப்படும் மணிச்சத்தை அதே தவிட்டில் பைட்டிக் அமிலம் என்ற வடிவில் செடி பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டில் இரும்பும் துத்தநாகமும் சேர்ந்து மாட்டிக்கொள்கின்றன. நம் குடலால் அதை எளிதில் திறக்க முடியாது. அதனால் 'கம்பில் இரும்பு இருக்கு' என்று அட்டவணையில் படிப்பது ஒன்று, அது ரத்தத்தில் போய்ச் சேருவது வேறொன்று.

பூட்டுக்குச் சாவியும் அந்த விதைக்குள்ளேயே இருக்கிறது. பைட்டேஸ் என்ற நொதி. ஈரம் பட்டு, மாவு லேசாகப் புளிப்பேறும்போது அது நன்றாக வேலை செய்யும். கோதுமையில் இந்த நொதி தாராளம். சிறுதானியத்தில் குறைவு, ஆகவே கேழ்வரகையும் கம்பையும் ஊறவைப்பது, முளைகட்டுவது, நெடுநேரம் புளிக்கவைப்பது என்று நம் பாட்டிமார் கூடுதலாகவே பாடுபட்டிருக்கிறார்கள். கடை ஈஸ்ட் மாவை ஒரு மணி நேரத்தில் உப்பவைத்துவிடும். அந்த நேரத்துக்குள் புளிப்பு ஏறாது, பூட்டும் சரியாகத் திறக்காது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புளித்த ரொட்டி ரத்தசோகைக்கு மருந்து கிடையாது. மகளுக்கு மாத்திரையை நாங்கள் நிறுத்தவில்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அதன் துவர்ப்பும், டீயின் துவர்ப்பும் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். சாப்பாட்டோடு டீ குடிப்பதை விட்டு, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வதும் ரொட்டி அளவுக்கு முக்கியம்.

அத்தையின் பானை

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கூழை நினைத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்து மூடி வைப்போம். இரவெல்லாம் புளிக்கும். மறுநாள் நொய்யை வேகவைத்து, அதில் புளித்த கரைசலை ஊற்றிக் கிண்டுவோம். ஆறியபின் இன்னொரு இரவு கிடக்கும். அடுத்த நாள் மோர், சின்ன வெங்காயம். ஆக இரண்டு முறை புளிக்கிறது. கழுவிய பானையின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் பழைய புளிப்பே புது மாவுக்கு உறை. "பானையை ரொம்பத் தேய்க்காதே" என்று அத்தை சொல்வதன் பொருள் எனக்கு இப்போதுதான் புரிந்தது.

எத்தியோப்பியாவில் டெஃப் என்ற மிகச் சிறிய தானியத்தை அரைத்துப் புளிக்கவைத்து, இஞ்சேரா என்ற பெரிய தோசை சுடுகிறார்கள். முந்தைய மாவின் மேல் தெளிந்து நிற்கும் நீரை எடுத்து அடுத்த மாவுக்கு உறையாக ஊற்றுவார்கள். சுமார் 2000 வருஷத்துக்கு முன் ரோம் நாட்டு பிளினி எழுதிய நூலில், சிறுதானிய மாவைப் புதுத் திராட்சைச் சாற்றில் பிசைந்து வைத்தால் ரொட்டிக்கான உறை ஒரு வருஷம் வரை கெடாது என்று குறிப்பு இருக்கிறது. கோதுமை ரொட்டிக்குச் சிறுதானிய உறை! நம் கேழ்வரகை வைத்து உறைமாவு தொடங்கலாம் என்ற தைரியம் எனக்கு இதைக் கேட்டபிறகு வந்தது.

உறைமாவு வைக்கும் விதம்

மோருக்கு உறைமோர், மாவுக்கு உறைமாவு. ஒரு பீங்கான் ஜாடி அல்லது அகலவாய்க் கண்ணாடிப் புட்டி போதும். 25 கிராம் கேழ்வரகு மாவு, 25 கிராம் சலிக்காத கோதுமை மாவு, 50 மில்லி தண்ணீர். கலக்கித் துணி கட்டி நிழலில் வையுங்கள். கேழ்வரகு மட்டும் போட்டாலும் புளிக்கும். ஆனால் அதில் பசைத்தன்மை இல்லாததால் மாவு மேலே எழும்பாது, தயாராகிவிட்டதா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்காகத்தான் பாதி கோதுமை. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் ஒரு இரவு திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். கிணறு, போர் தண்ணீருக்கு அது தேவையில்லை.

மறுநாள் இன்னொரு 50 கிராம் மாவும் 50 மில்லி தண்ணீரும் சேர்த்துக் கலக்குங்கள். நம் ஊர் வெக்கைக்கு இரண்டாம் நாளே குமிழி வரும், ஒரு ஊசல் நாற்றமும் வரும். பலர் இங்கேதான் கொட்டிவிடுகிறார்கள். கொட்டாதீர்கள். முதலில் வந்து குதிப்பவை நமக்கு வேண்டிய நுண்ணுயிர்கள் இல்லை. அவை உண்டாக்கும் புளிப்பிலேயே அவை அடங்கிப்போகும். மூன்றாம், நான்காம் நாள் ஜாடி செத்துப்போன மாதிரி அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்குள் புளிப்பைத் தாங்குகிற லாக்டிக் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்டும் பெருகிக்கொண்டிருக்கும். நிலத்தில் தக்கைப்பூண்டு மடக்கி உழுதபின் சில நாள் காத்திருக்கிறோம் இல்லையா, அது மாதிரி.

மூன்றாம் நாளிலிருந்து ஜாடியில் 50 கிராம் மட்டும் நிறுத்திக்கொண்டு, காலை மாலை இரு வேளையும் 50 கிராம் மாவு, 50 மில்லி தண்ணீர் கொடுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு எடுக்கும் மிச்சத்தைத் தோசை மாவிலோ கூழ்க் கரைசலிலோ சேர்த்துவிடலாம். அதற்கு முந்தையதை எருக்குழியில் போடுங்கள். ஏழு நாள் வாக்கில், தீனி கொடுத்த நாலு மணி நேரத்துக்குள் இரண்டு மடங்காக எழும்பி, புளித்த மோரும் பழுத்த பழமும் கலந்த வாசனை அடித்தால் உறைமாவு தயார். அத்தை புளிக்கவைத்த பச்சைக் கேழ்வரகுக் கரைசலில் ஒரு கரண்டி விட்டதும் எனக்கு நாலே நாளில் தயாரானது. காய்ச்சின கூழை விடாதீர்கள், அதில் உயிர் குறைவு.

இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறக் கோடு தெரிந்தாலோ, பச்சை கறுப்புப் பூஞ்சை பூத்தாலோ யோசிக்காமல் முழுவதையும் கொட்டிவிட்டு ஜாடியைக் கொதிநீரில் கழுவித் திரும்ப ஆரம்பியுங்கள். மேலே பழுப்பாகத் தண்ணீர் நின்றால் பயமில்லை, பசி எடுத்திருக்கிறது என்று அர்த்தம்.

மாவு

புதிதாக அரைத்த மாவுதான் வேண்டும். தவிட்டோடு முளைப்பகுதியின் எண்ணெயும் சேர்ந்து அரைபடுவதால் முழுத் தானிய மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கம்பு மாவு இதில் மோசம், ஒரு வாரம் போனால் கசக்கும். மில்லில் அரைத்த மாவு கைபொறுக்காத சூட்டில் வரும். தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட்ட பிறகே உறைமாவோடு சேருங்கள்.

கோதுமை நம் பூமியில் விளைவதில்லை. செம்மண் கொல்லையில் முந்திரியும் பலாவும் விளையும், கம்பும் கேழ்வரகும் விளையும். கோதுமையை வெளியிலிருந்து வாங்கித்தான் ஆகவேண்டும். சம்பா கோதுமை கிடைத்தால் நல்லது. வடக்கே கப்லி என்பார்கள். பழைய எகிப்தில் ரொட்டி சுட்டது இந்த இனத்துக் கோதுமையில்தான். அதன் பசைத்தன்மை கொஞ்சம் பலவீனம். ரொட்டி உயரமாக வராது, ருசி தூக்கலாக இருக்கும். ரவையாக வாங்காமல் முழு மணியாக வாங்கி நீங்களே அரையுங்கள்.

நம் கேழ்வரகை எவ்வளவு சேர்க்கலாம்? ஐந்தில் ஒரு பங்கு. பாதிக்குப் பாதி போட்டு நான் மூன்று தடவை செங்கல் சுட்டேன். கோதுமையின் பசைதான் காற்றைப் பிடித்து வைக்கிறது, சிறுதானியத்தில் அது இல்லை. இட்லியில் அந்த வேலையை உளுந்து செய்கிறது. நூறு சதம் சிறுதானியம் வேண்டும் என்பவர்கள் ரொட்டியை விட்டுவிட்டுக் கம்பு இட்லி, கேழ்வரகு தோசைக்குப் போவது உத்தமம். கோதுமைப் பசை ஒத்துக்கொள்ளாது என்று மருத்துவர் சொன்னவர்களுக்கும் அதுவேதான் வழி. புளிக்கவைத்தாலும் கோதுமை கோதுமைதான்.

பிசைவதும் காத்திருப்பதும்

100 கிராம் கேழ்வரகு மாவில் 150 மில்லி கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறுங்கள். களிக்குக் கிளறுவது போலத்தான். இப்படி வெந்த மாவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரொட்டி மறுநாளும் வறளாது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, குளிர்நாடுகளில் ரை என்ற தானியத்துக்கு இப்படிச் செய்கிறார்கள். நமக்குக் களி கிண்டிய கை இருப்பதால் சுலபம்.

அது வெதுவெதுப்புக்கு ஆறியதும் 400 கிராம் கோதுமை மாவு, 230 மில்லி தண்ணீர், எழும்பி நிற்கும் உறைமாவு 100 கிராம் சேர்த்துப் பிசறி, அரை மணி மூடி வையுங்கள். பிறகு 10 கிராம் கல்லுப்பைப் பொடித்துப் போட்டுப் பத்து நிமிஷம் பிசையுங்கள். சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, கையில் ஒட்டும்படி இருக்கவேண்டும். ஒட்டுகிறதே என்று மாவு தூவிக்கொண்டே போனால் கதை முடிந்தது. கையை நனைத்துக்கொள்ளுங்கள்.

இனி எவ்வளவு நேரம்? இங்கேதான் வெளிநாட்டுச் செய்முறைகள் நம்மை ஏமாற்றுகின்றன. அங்கே வீட்டுக்குள் 20, 22 டிகிரி. இங்கே சாதாரண நாளில் 30, 32. பத்து டிகிரி கூடினால் புளிப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அவர்கள் எட்டு மணி நேரம் என்று எழுதியதை நம்பி நான் இரவெல்லாம் வைத்தேன். காலையில் மாவு கூழாக ஓடியது. புளிப்பு அளவு மீறினால் கோதுமைப் பசையே அறுந்துபோகும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள். இருந்த அளவைப் போல ஒன்றரை மடங்கு ஆனால் போதும். மார்கழியில் அதற்கு ஐந்து மணி நேரம்கூட ஆகலாம். சாதாரண நாளில் மூன்றரை மணி. அக்னி நட்சத்திரத்தில் உறைமாவைப் பாதியாகக் குறைத்து, பானைத் தண்ணீரில் பிசைந்து, விடியற்காலையில் வேலையை ஆரம்பித்துவிட வேண்டும்.

எழும்பிய மாவை மெதுவாக உருட்டி, எண்ணெய் தடவிய டின்னிலோ அலுமினியக் குண்டானிலோ வைத்து, ஈரத்துணி மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். மேல்தோலில் சின்னச் சின்ன ஓட்டை தெரிய ஆரம்பித்தால் உடனே அடுப்புக்கு.

அவன் இல்லாத வீட்டில்

மின் அவன் இருப்பவர்கள் 220 டிகிரியில் இருபது நிமிஷம், பிறகு 200-ல் அரை மணி. எங்கள் வீட்டில் கிடையாது. கனமான பழைய இரும்புச் சட்டி, அதன் அடியில் இரண்டு விரல் உயரம் ஆற்று மணல், மணல்மேல் ஒரு இரும்பு வளையம். மூடி போட்டு அரை மணி நேரம் காயவிடுகிறேன். உள்ளே ஒரு தட்டில் மாவைத் தூவி வைத்தால் அது கருகாமல் ஒரு நிமிஷத்தில் பழுப்பாக வேண்டும். சட்டெனக் கருகினால் விறகை இழுத்துவிட வேண்டும். டின்னை உள்ளே இறக்கி மூடி, மூடிமேல் தணலைப் பரப்புகிறேன். மேல் தணல் இல்லாவிட்டால் அடி கருகி, தலை வெள்ளையாக நிற்கும். சவுக்கு விறகு நின்று எரியும். முந்திரி ஓடு நம் பக்கம் சும்மா கிடைக்கிறதே என்று அதை மட்டும் எரித்துவிடாதீர்கள். அதன் எண்ணெய் தோலைப் பொசுக்கும், புகை கண்ணையும் மூச்சையும் அரிக்கும், ரொட்டியிலும் ஏறும்.

வெந்ததா என்று பார்க்க அடியில் விரலால் தட்டினால் காலிப்பானை போலச் சத்தம் வரவேண்டும். தராசு இருந்தால் இன்னும் நல்லது. உள்ளே போனது 990 கிராம் மாவு. வெளியே வரும்போது 880-க்குள் இருந்தால் தண்ணீர் போதுமான அளவு போயிருக்கிறது. சுடச்சுட அறுக்கவே கூடாது, உள்ளே பிசுபிசுவென்று இருக்கும். மாலையில் சுட்டு மறுநாள் காலையில் அறுப்பதுதான் எங்கள் வழக்கம். மூன்று நாள் கெடாமல் இருக்கிறது, மழைக்காலத்தில் இரண்டு நாள்.

பன் எங்கிருந்து வந்தது

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்திலேயே ரொட்டி உண்டு. நம் கிராமங்களுக்கு அது காய்ச்சல் வந்தவர்களின் சாப்பாடாகத்தான் இருந்தது. 1965-ல் மத்திய அரசே மாடர்ன் பேக்கரீஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கி நகரங்களில் பாக்கெட் பிரட்டைப் பரப்பியது. அரிசி தட்டுப்பாட்டுக் காலத்தில் மக்களைக் கோதுமைப் பக்கம் திருப்பும் முயற்சியும் அதில் இருந்தது. 2000-ல் அந்த நிறுவனத்தைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள். 2016-ல் டெல்லியில் 38 வகை பிரட், பன், பீட்சா மாதிரிகளை அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சோதித்தது. 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் எச்சம் இருந்தது. புரோமேட்டை அந்த வருஷமே அரசு தடை செய்தது. மாவை அவசரமாக உப்பவைத்துப் பஞ்சுபோல நிறுத்தத்தான் இந்த மாதிரிச் சேர்மானங்கள். காத்திருப்பதைக் குறைக்கப் போய் வந்த வினை.

அப்படியானால் நாம் ஏன் ரொட்டி சுட வேண்டும், கூழே போதுமே என்று ஒரு அண்ணன் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. என் அபிப்பிராயத்தில் கூழுக்குத்தான் முதலிடம். கோதுமை வாங்கிச் சுடும் ரொட்டி இரண்டாவதுதான். ஆனால் பள்ளிக்கூடப் பையில் கூழ் போகாது, ரொட்டி போகும். வீட்டுக்குள் ஏற்கெனவே பாக்கெட் பிரட் நுழைந்துவிட்டது என்றால், அந்த இடத்துக்கு இதை வையுங்கள். கூழ் குடிக்கிற வீட்டில் கூழை நிறுத்திவிட்டு ரொட்டி சுடாதீர்கள்.

நாங்கள் இப்போது வாரம் இரண்டு நாள் சுடுகிறோம். நெய்வேலி நகரியத்திலிருந்து இரண்டு மூன்று குடும்பம் கேட்கிறார்கள். விற்பதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்யவேண்டும், அது முடிந்த பிறகுதான். அதைவிட எனக்குச் சந்தோஷம், இந்த வருஷம் கேழ்வரகில் ஆறு மூட்டை வீட்டுக்கென்று நிறுத்தியது.

உறைமாவைக் காப்பாற்றுவது பற்றிக் கேட்கிறார்கள். குளிர்பெட்டி இருந்தால் வாரம் ஒருமுறை தீனி போதும். கரண்ட் நம்ப முடியாத வீட்டில் விதை எடுத்து வைப்பது போலச் செய்யுங்கள். நன்றாக எழும்பிய உறைமாவைச் சுத்தமான வாழை இலையில் கண்ணாடி மாதிரி மெல்லிசாகத் தடவி, வெயில் படாமல் காற்றில் காயவையுங்கள். இரண்டு நாளில் செதில் செதிலாக உதிரும். ஈரமில்லாத புட்டியில் மாதக்கணக்கில் கிடக்கும். வேண்டும்போது ஒரு கரண்டி செதிலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று நாள் தீனி கொடுத்தால் எழுந்துவிடும். எங்கள் ஜாடி ஒருமுறை பூனை தள்ளி உடைந்தபோது அந்தச் செதில்தான் கைகொடுத்தது.